ஒழுகுகிற வால்வு, ஒழுகாத வால்வு

லண்டன் விமான நிலையத்தில் சுங்கத்துக்காரர் என் முறுக்கு டின்னைத் திறந்தார். உள்ளே முறுக்கு இல்லை. பழைய வேட்டியைக் கிழித்து, ஒவ்வொன்றாகச் சுற்றிவைத்த நாற்பத்தாறு கண்ணாடி ரேடியோ வால்வுகள் இருந்தன. ஒன்றைப் பிரித்து, சாம்பல் பூச்சு உதிர்ந்த இடத்தின் வழியாக உள்ளே உற்றுப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார். வால்வு என்றேன். எதற்கு என்றார். ஜெர்மன்காரர்களின் ரகசியத் தந்தியை உடைத்துப் படிப்பதற்கு என்றேன்.

என் இங்கிலீஷ் நானே கற்றுக்கொண்டது. மனதில் இருப்பதை அப்படியே கொட்டிவிடும், பின்னால் வருவதைப் பற்றிக் கவலைப்படாது. அவர் என்னையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வால்வைக் குழந்தைக்குப் போர்த்துவதுபோல வேட்டித் துணியில் சுற்றி வைத்துவிட்டு, "கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறீர்கள், சார்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. அது கேலியா, நிஜமாகவே வருத்தமா என்று எனக்குப் புரியவில்லை. அந்த ஒரு வாரமும் அந்த ஊர் என்னிடம் அப்படித்தான் நடந்துகொண்டது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் தளபதிகள் ஒருவருக்கொருவர் அனுப்பிய ரகசியச் செய்திகளை உடைக்க, லண்டன் டெலிபோன் இன்ஜினியர்கள் ஒரு இயந்திரம் கட்டினார்கள். முழுக்க முழுக்க வால்வுகளால் ஆன இயந்திரம். இன்றைய கம்ப்யூட்டருக்குப் பாட்டன் முறை. போர் முடிந்ததும் அதை உடைத்துப் போட்டு, படங்களைக் கொளுத்தி, யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ரொம்ப காலம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. மிச்சமிருந்த சில புகைப்படங்களையும், சிலர் ஒளித்துவைத்திருந்த துண்டுக் காகிதங்களையும் வைத்து அதைத் திரும்பக் கட்டும் வேலை வேறோர் ஊரில் பெரிதாக நடந்துகொண்டிருந்தது. நான் போனது அந்தப் பெரிய இடத்துக்கு அல்ல. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில், ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருந்த கூடத்தில், ஓய்வுபெற்ற டெலிபோன்காரர்கள் மூன்று பேர் அந்த இயந்திரத்தின் எண்ணும் பகுதியை மட்டும் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே.

அவர்களில் மூத்தவர் ராய். இருபது வால்வு குறைகிறது, யாரிடமாவது இருக்கிறதா என்று இன்டர்நெட்டில் கேட்டிருந்தார். லண்டனில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தங்கை மகன் பாஸ்கர் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, உங்க கடைப் பரண்ல கிடக்குமே, அதுதானே இது?" என்று போன் செய்தான். அதுவேதான். திண்டுக்கல்லில் நான் ரேடியோ ரிப்பேரும் மைக்செட்டும் வைத்துப் பிழைப்பவன். வாலிப வயதில் சென்னை மூர் மார்க்கெட்டில், வெள்ளைக்காரப் பட்டாளத்து ஒயர்லெஸ் சாமான் என்று ஒரு மரப்பெட்டி வாங்கினேன். ராய் கேட்டது ஈஎஃப் 36. என்னுடையதில் விஆர் 56 என்று எழுதியிருக்கும். வீட்டுப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று என்பதுபோல, ஒரே வால்வுக்குப் பட்டாளம் வைத்த பெயர் அது. இருக்கிறது, நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நாள் குறித்திருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை ஐவி என்ற அம்மாள் வருகிறார். போர்க்காலத்தில், கல்யாணமாகாத பெண்ணாக, அந்த இயந்திரத்தை ஓட்டியவர்களில் ஒருவர். அவர் வரும்போது எண்ணும் பகுதி எண்ண வேண்டும். என் வால்வு பொருந்தினால் எண்ணும். பொருந்தாவிட்டால், எண்பது தாண்டிய அம்மாளைக் கூட்டிவந்து ஒரு இரும்பு அலமாரியைக் காட்டி அனுப்ப வேண்டியதுதான்.

பாஸ்கர் என்னை மோர்டனில் அவன் குடியிருந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, மறுநாளே வேலை விஷயமாக ஸ்காட்லாந்து போய்விட்டான். வீட்டுக்காரர் யோகராசா அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர், பெட்ரோல் ஸ்டேஷன் கடையில் வேலை. அவர் மனைவி ராணி அக்கா. என்னைத் தமிழர் வீட்டில் விட்டதில் பாஸ்கருக்கு நிம்மதி. பாஷைப் பிரச்சினை இருக்காதாம்.

முதல் நாள் ராணி அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணை, மச்சம் சாப்பிடுவீங்களோ?" என்றார். என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. எனக்கு இடது கன்னத்தில் மிளகு அளவு மச்சம் ஒன்று உண்டு. அதைப் போய் எப்படிச் சாப்பிடுவது? நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு, "சைவமோ?" என்றார். அசைவத்தைத்தான் மச்சம் என்கிறார்கள் என்று விளங்கியபோது மீன் குழம்பு மேசைக்கு வந்துவிட்டது. புட்டும் மீன் குழம்பும், கூடவே சொதி என்று ஒன்று. தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்டு, ரசத்துக்கும் மோர்க்குழம்புக்கும் நடுவில் நிற்கிற ஒரு சாமான். நான் அதை டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். புட்டில் ஊற்றுவதாம் அது. அண்ணன் டம்ளரில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

"ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்றார் அக்கா. யாராவது செத்துவிட்டார்களா என்று பதறினேன். அவசரமில்லாமல், மெதுவாக என்று அர்த்தமாம். நான் ஊர் ஊராகப் போனாலும் கட்டடத்தைப் பார்ப்பவன் அல்ல, வாய் பார்ப்பவன். சட்டைப்பையில் சின்ன நோட்டு ஒன்று வைத்திருப்பேன். மச்சமும் ஆறுதலும் அன்றைக்கே அதில் ஏறின. டின்னில் என்ன என்று அக்கா கேட்டபோது வால்வு என்றேன். "வால்வே? ஆருக்கு ஒப்பரேசன்?" என்றார். அவர் தம்பிக்கு முந்தின வருடம்தான் இதயத்தில் வால்வு மாற்றினார்களாம். நாற்பத்தாறு வால்வு என்றதும் கொஞ்சநேரம் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

புதன்கிழமை ஃபாரஸ்ட் கேட் புறப்பட்டேன். மோர்டனில் பாதாள ரயில் ஆரம்பிக்கிறது, ஏறி உட்கார்ந்தால் போதும் என்று பாஸ்கர் சொல்லியிருந்தான். அந்த ரயிலுக்கு நடுவில் இரண்டு பாதை இருப்பதை அவன் சொல்லவில்லை. நான் போக வேண்டிய பாங்க் ஸ்டேஷன் ஒரு பாதையில் இருக்க, என் ரயில் மற்றப் பாதையில் போய்க்கொண்டிருந்தது. எதிரில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தி வரைபடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அடடா" என்பதுபோல ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பப் பேப்பருக்குள் போய்விட்டார். எங்கள் ஊர்ப் பஸ்ஸாக இருந்தால் முப்பது பேர் முப்பது வழி சொல்லியிருப்பார்கள். இருபத்தொன்பது தப்பாக இருக்கும், ஆனால் மனசுக்குத் தெம்பாக இருக்கும்.

எப்படியோ இறங்கி மாறி, ஸ்ட்ராட்ஃபோர்டில் மேலே ஓடும் ரயில் பிடித்தேன். அங்கே இன்னொரு விபத்து. பின் சீட்டில் இரண்டு பெண்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். "கவுன்சிலுக்கு எழுதிப் போட்டிருக்கிறன், எழுதிப் போட்டிருக்கிறன் எண்டு அவரும் மூண்டு வருசமாச் சொல்லுறார். பேனையிலை மை இருக்கோ எண்டு ஒருக்காக் கேள்" என்றாள் ஒருத்தி. அதை நோட்டில் எழுதிக்கொண்டு தலை நிமிர்ந்தால் செவன் கிங்ஸ் வந்துவிட்டது. ஃபாரஸ்ட் கேட் எப்போதோ போய்விட்டிருந்தது. திரும்ப எதிர் ரயில் ஏறினேன்.

கூடத்தின் கதவைத் திறந்ததும் ஈயம் உருகுகிற வாசனை முகத்தில் அடித்தது. திண்டுக்கல்லில் என் கடைக்குள் போனதுபோலவே இருந்தது. ஆனால் சத்தம்தான் இல்லை. மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் குனிந்திருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் "டீ?" என்பார், மற்ற இருவரும் "ம்" என்பார்கள். அவ்வளவுதான் பேச்சு.

ராய் நெட்டையானவர். கம்பளிச் சட்டை முழுக்க ஈயம் தெறித்த சின்னச் சின்ன ஓட்டைகள். என் டின்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வால்வாகப் பிரித்து, தொட்டிலில் போடுவதுபோல மேசையில் கிடத்தினார். இருபது எடுத்து, எண்ணும் பகுதி இருந்த இரும்பு அலமாரியில் சொருகினார். மின்சாரத்தை ஒரேயடியாகப் போடவில்லை. ஒரு கைப்பிடியைத் திருகித் திருகி மெதுவாக ஏற்றினார். வால்வு சாவது ஓடும்போது அல்ல, போடும்போதும் அணைக்கும்போதும்தான், அதனால் போர்க்காலத்தில் இந்த இயந்திரத்தை அணைக்கவே மாட்டார்கள் என்றார்.

பிறகு துளையிட்ட காகித நாடா ஒன்றைச் சக்கரங்களில் மாட்டி ஓடவிட்டார். நாடா விளக்கொளியில் பறக்கும், குறிப்பிட்ட மாதிரியில் துளை வரும்போதெல்லாம் வால்வுகள் எண்ணும், விளக்குப் பலகையில் எண் எரியும். ஒரே நாடாவை இரண்டு தடவை ஓட்டினால் இரண்டு தடவையும் ஒரே எண் வர வேண்டும். வராவிட்டால் வால்வில் குற்றம்.

முதல் ஓட்டத்தில் 308 வந்தது. இரண்டாவதில் 311. மூன்றாவதில் 296.

ராய் தாடையைத் தடவிக்கொண்டு, "சுவாரஸ்யமாக இருக்கிறது" என்றார். எனக்கு ரொம்ப சந்தோஷம். பெரிய மனிதர் சுவாரஸ்யம் என்கிறாரே. அப்புறம் டீ போட்டுக் கொடுத்து, இரண்டு பிஸ்கட்டை என் பக்கம் தள்ளி, இரண்டு மணி நேரம் அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொன்னார். அதைக் கட்டியவர்கள் தங்கள் வீட்டில்கூடச் சொல்லவில்லை என்பதையும், கொளுத்தச் சொன்ன படங்களைக் கொளுத்த மனமில்லாமல் யாரோ சுருட்டி வைத்ததையும். டின் இங்கேயே இருக்கட்டும், தவறு எங்கள் வேலையிலும் இருக்கலாம், பார்க்கிறேன் என்று வழியனுப்பினார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் யோகராசா அண்ணன் போன காரியம் எப்படி என்று விசாரித்தார்.

"ரெண்டு மணி நேரம் பேசினார்ண்ணே" என்றேன்.

இடியப்பம் பிய்த்த அண்ணனின் கை நின்றுவிட்டது. "ரெண்டு மணித்தியாலமோ? ஏன் பேசினவர்?"

"வால்வு விஷயமாத்தான். நல்லாவே பேசினார்."

"மற்ற ஆக்கள் பாத்துக்கொண்டு நிண்டவையோ?"

"அவங்க வேலையைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. மனுசன் டீயும் பிஸ்கட்டும் குடுத்துட்டுல்ல பேசினாரு."

"தேத்தண்ணி குடுத்திட்டுப் பேசினவர்" என்று அண்ணன் அக்காவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ, தம்பி?"

"நான் என்னண்ணே சொல்றது? விஷயம் தெரிஞ்சவர் பேசறப்போ கேட்டுக்கணும்."

அண்ணன் இடியப்பத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சாப்பிட்டு முடிக்கும்வரை என் தட்டில் மட்டும் இடியப்பம் வந்து விழுந்துகொண்டே இருந்தது. இவ்வளவு கனிவு ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மோர்டன் கடைத்தெருவில் சுற்றினேன். முருங்கைக்காய், வாழைப்பூ, கருவேப்பிலை எல்லாம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தன. திரும்பி வந்தபோது வாசலில் ஒரு வேன் நின்றது. ஓட்டுநர் என் முறுக்கு டின்னைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே நாற்பத்தாறு வால்வும் அதே வேட்டித் துணியில் இருந்தன. ஒரு கடிதமும் இருந்தது. தங்கள் மனதைப் புண்படுத்தியதற்கு மிகவும் வருந்துகிறோம், தங்கள் வால்வுகள் அனைத்தையும் மரியாதையுடன் திருப்பி அனுப்புகிறோம் என்று எழுதி, கீழே மூவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

கடிதத்தை மறுபடியும் படித்தேன். என் வால்வு ஒன்றுக்கும் ஆகாது, அதை வெள்ளைக்காரர் இப்படி மரியாதையாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டுச் சோபாவில் டின்னை மடியில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இடையில். இத்தனை தூரம் தூக்கிவந்தும் அந்த அலமாரி எண்ணப் போவதில்லை.

யோகராசா அண்ணன் கடிதத்தை வாங்கிப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களோ, மன்னிப்புக் கேட்டிருக்கினம்."

"எதுக்குண்ணே மன்னிப்பு?"

"உங்களைப் பேசினதுக்கு."

"பேசினதுக்கு ஏன் மன்னிப்பு கேக்கணும்?"

"பிறகு? சும்மா கொண்டுவந்து குடுத்த மனிசனைப் பேசுறதோ? நான் பாஸ்கரிட்டை நம்பர் வாங்கி, காலமை போன் எடுத்து வடிவாச் சொன்னனான். அவர் என்ரை வீட்டு விருந்தாளி, வேண்டாமெண்டால் மரியாதையாத் திருப்பிக் குடுங்கோ எண்டு."

நான் அண்ணனைப் பார்க்க, அண்ணன் என்னைப் பார்க்க, இரண்டு பேரும் தமிழ்தான் பேசினோம், ஒன்றும் நகரவில்லை. அடுப்படியிலிருந்து ராணி அக்கா கரண்டியோடு வந்தார். அவர் தினமும் சென்னைச் சீரியல் பார்க்கிறவர்.

"ஐயோ, என்னப்பா செய்து வைச்சிருக்கிறீங்கள்? அவையின்ரை தமிழிலை பேசினது எண்டால் கதைச்சது. ஏசினது இல்லை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவர், அந்த மனிசன் உங்களை ரெண்டு மணித்தியாலம் ஏசினது எண்டு நினைச்சு, ராத்திரி முழுக்க நித்திரை கொள்ளேல்லை" என்றார்.

யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் திட்டுவது. சாதாரணமாகப் பேசுவதற்குக் கதைப்பது என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். நான் "நல்லாப் பேசினார்" என்று புகழப் புகழ, அண்ணனுக்கு ரத்தம் கொதித்திருக்கிறது. டீ கொடுத்துத் திட்டினார் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்த மனிசனை நானெல்லோ பேசிப்போட்டன்" என்றார். இந்தத் தடவை அந்தச் சொல்லுக்கு இரண்டு ஊரிலும் ஒரே அர்த்தம்தான்.

உடனே ராய்க்குப் போன் செய்தேன். நீங்கள் என்னைத் திட்டியதாக நினைத்து இவர் உங்களைத் திட்டினார், நீங்கள் திட்டவில்லை, பேசத்தான் செய்தீர்கள், நான் பேசினார் என்று சொன்னதைத் திட்டினார் என்று இவர் கேட்டார் என்று என் சொந்த இங்கிலீஷில் விளக்கினேன். ராய் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "புரிகிறது" என்றார். புரியவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. நேரில் போவதைத் தவிர வழியில்லை.

வெள்ளிக்கிழமை டின்னைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன், அண்ணன் ஷிப்டை மாற்றிக்கொண்டு என்னோடு வந்தார். அக்கா ஒரு பெட்டி நிறைய மரக்கறி ரோல்ஸ் கொடுத்துவிட்டார். கூடத்தில் அண்ணன் நேராக ராய் முன்னால் போய் நின்று, தவறு என்னுடையது, எங்கள் ஒரு சொல் இரண்டு நாட்டில் இரண்டு வேலை பார்க்கிறது என்றார். அவர் இங்கிலீஷ் என்னுடையதைவிடச் சுத்தம். ராய் காது வரை சிவந்து, தான்தான் வால்வைச் சோதித்த விதத்தில் மரியாதைக் குறைவாக நடந்துவிட்டோமோ என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்றார். ஆளுக்கு ஆள் தூங்கவில்லை. நிம்மதியாகத் தூங்கியவன் நான் ஒருத்தன்தான்.

ராய் ஒரு ரோல்ஸைக் கடித்தார். மிளகாய் கண்ணில் நீராக வந்தது. "சுவாரஸ்யமாக இருக்கிறது" என்றார். அப்போதுதான் புதன்கிழமை அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு விளங்கியது.

ஆக, சமாதானம் ஆகிவிட்டது. 308, 311, 296 அப்படியேதான் இருந்தன.

அதைக் கண்டுபிடித்தவர் யோகராசா அண்ணன். பெட்ரோல் ஸ்டேஷன் கடையில் டின்களின் தேதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அடுக்குகிறவர். சும்மா நிற்க முடியாமல் என் வால்வுகளையும் அதேபோல வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதிலை கடைசி எழுத்து ஆறோ, மூண்டோ?" என்றார்.

வாங்கி நானும் பார்த்தேன். வருஷாவருஷம் ஆயுத பூஜைக்கு மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து, எண்ணின் வயிறு தேய்ந்திருந்தது. ராய் பூதக்கண்ணாடி கொண்டுவந்தார். பாதிக்கு மேல் விஆர் 53. 56 இல்லை. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். உயரம், தொப்பி, அடிக்கால் எல்லாம் ஒன்றுதான்.

எனக்கு உடம்பு கூசியது. ஏனென்றால் எனக்குத் தெரியும். என் கடையில் 56 இருக்க வேண்டிய இடத்தில் 53-ஐ எத்தனையோ தடவை சொருகியிருக்கிறேன். ரேடியோ பாடிவிடும். கொஞ்சம் மெலிந்து பாடும், அவ்வளவுதான். வாடிக்கையாளரும் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போவார். அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று இத்தனை வருடம் நம்பி, இரண்டையும் ஒரே பெட்டியில் கொட்டிவைத்திருந்தேன். அதை ராயிடம் அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வால்வு என்றால் குழாய்த் திருகுதானே, 56-ஐ மூடினால் சுத்தமாக மூடிக்கொள்ளும், 53 மூடிய பிறகும் சொட்டுச் சொட்டாக ஒழுகும், பாட்டுக்கு ஒழுகினால் பரவாயில்லை, எண்ணுகிற இயந்திரம் ஒரு சமயம் அந்தச் சொட்டையும் எண்ணிவிடும், இன்னொரு சமயம் குழம்பி எண்ண வேண்டியதை விட்டுவிடும் என்றார். யாராவது திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

எழுத்தை நம்ப முடியாது என்பதால் நாற்பத்தாறையும் ஒவ்வொன்றாக ஒழுக்குப் பார்த்தோம். சோதிக்கிற பெட்டியில் வால்வைச் சொருகி, சூடேறக் காத்திருந்து, திருகை மூடி, மீட்டர் முள் பூஜ்யத்துக்குப் போகிறதா என்று பார்ப்பது. நான் சொருகினேன், ராய் முள்ளைப் பார்த்தார், அண்ணன் காகிதத்தில் கோடு போட்டார். இருபத்தாறு ஒழுகின. பத்தொன்பது சுத்தமாக மூடின. கடைசி ஒன்று மூடும், சூடு ஏறினால் முள் மயிரிழை நகரும், பிறகு திரும்பவும் படுத்துக்கொள்ளும். தேவை இருபது.

மூன்று டெலிபோன்காரர்களும் கூடி நின்று, வழக்கம்போல ஒன்றும் பேசாமல் யோசித்தார்கள். பிறகு ராய் அந்த ஒன்றை, ஆயிரங்களை எண்ணுகிற ஆயிரம் தானத்தில் போட்டார். எண் அவ்வளவு தூரம் ஏறாது, அங்கே அதற்கு வேலை குறைவு. ஆனால் அங்கே ஒரு சொட்டு ஒழுகினாலும் தப்பு சிறியதாக இருக்காது, ஆயிரமாக வந்து நிற்கும். மின்சாரத்தை மெதுவாக ஏற்றி, சாயங்காலம் எல்லாம் சூடானதும், அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தோம். வீடு திரும்பும் ரயிலில் அண்ணனும் நானும் பேசவும் இல்லை, கதைக்கவும் இல்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஐவி அம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சின்ன உருவம். நீலத் தொப்பி. அலமாரியைச் சுற்றி ஒரு நடை நடந்து, இது அதன் ஒரு விலா எலும்புதான் என்றார். அந்த அறை அடுப்படி மாதிரி கொதிக்கும், மழையில் நனைந்த காலணியைப் பக்கத்தில் வைத்தால் ஷிப்ட் முடிவதற்குள் காய்ந்துவிடும் என்றார். என்ன செய்தி என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லையாம். நாடாவை மாட்டுவது, வந்த எண்ணை எழுதுவது, அடுத்த அறையில் கொடுப்பது. புருஷன் சாகும்வரை அவரிடம் தான் டைப்பிஸ்ட் என்றுதான் சொல்லியிருந்தாராம். இதைச் சொல்லும்போது மகள் வேறு பக்கம் பார்த்தாள்.

ஐவிக்குப் பலகை முன்னால் நாற்காலி போட்டு, பென்சிலும் காகிதமும் கொடுத்தார்கள். என்னை அலமாரிக்குப் பின்னால் நிறுத்தினார் ராய். அந்தச் சந்தேக வால்வைக் கண்ணெடுக்காமல் பார்ப்பது என் வேலை. பின்னாலிருந்து விளக்குப் பலகை தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இருபது வால்வின் அடியில் இருந்த மங்கிய சிவப்பும், நாடா சக்கரத்தில் ஓடும் இரைச்சலும்தான்.

முதல் ஓட்டம் முடிந்தது. முன்பக்கம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது ஓட்டமும் முடிந்தது. அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் காரியம் கெட்டால் ஒருவர் தலையில் அடித்துக்கொள்வார், ஜெயித்தால் விசில் அடிப்பார்கள். இந்த மௌனத்தை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருவது? பொறுக்க முடியாமல் முன்னால் வந்தேன். பலகை அதற்குள் பூஜ்யமாகிவிட்டது. ராய் முகத்தில் ஒன்றுமில்லை. யோகராசா அண்ணன், தானும் சரியாகப் பார்க்கவில்லை என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார்.

ஐவியின் காகிதம் இருந்தது. குனிந்து பார்த்தேன். அந்த அம்மாள் சட்டென்று உள்ளங்கையை விரித்து எண்களை மூடிக்கொண்டார்.

மகள் சிரித்துவிட்டாள். ராய் மெதுவாக, "ஐவி, இப்போது யாருக்கும் தெரியலாம். ரகசியம் எல்லாம் முடிந்துவிட்டது" என்றார்.

"உங்களிடம் சொல்லியிருப்பார்கள், ராய்" என்றார் ஐவி. "என்னிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை." கையை எடுக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவர் யார்?"

"இந்த வால்வுகளைக் கொண்டுவந்தவர்."

அவர் யோசித்தார். அவசரப்படவே இல்லை. அந்தச் சுருங்கிய கை அப்படியே காகிதத்தின்மேல் இருந்தது. எனக்கு இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. பிறகு நாடகத் திரையைத் தூக்குவதுபோல, கையின் ஒரு ஓரத்தை மட்டும் உயர்த்தினார். பென்சில் எழுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளையுடையதுபோல உருண்டையாக. மேலே 304. அதற்குக் கீழே 304. நான் ஒவ்வொரு இலக்கமாக, இரண்டு தடவை படித்தேன். ஆயிரம் தானத்தில் ஒன்றும் இல்லை.

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கை திரும்பக் காகிதத்தை மூடிவிட்டது. மற்றக் கையால் பென்சிலை எடுத்து, கீழே மூன்றாவது எண்ணுக்காக ஒரு கோடு போட்டார்.

"நாங்கள் எப்போதும் மூன்று தடவை ஓட்டுவோம்" என்றார் ஐவி. "உங்கள் இடம் பின்னால் அல்லவா?"

நான் பின்னால் போனேன்.